வட்டவிதானையும் கணினியும்

ஒருவனே தொடங்கி ஒருவனே முடிக்கும் தொழில்கள் உலகிற் சிலவே. உழவு, நெசவு, மீன்பிடி, வாணிகம், வைத்தியம் ஆகிய யாவும் பலர் கூடி நிறைவேற்றும் தொழில்களாம். பலர் கூடுமிடத்து, ஒவ்வொருவரும் தத்தம் பங்கைச் செவ்வனே செய்தாலும் முழுக் காரியமும் செவ்வனே முடியும் என்பதற்கு உறுதியில்லை. எது முன், எது பின், எது எதற்காகக் காத்திருத்தல் வேண்டும், இடையிலே ஒன்று பிழைத்தால் ஏனையோர் யாது செய்தல் வேண்டும் என்னும் வினாக்களுக்கு விடை முன்கூட்டியே வகுக்கப்பட்டிருத்தல் வேண்டும். இன்றைய கணினித்துறை இவ்வினாக்களைத் தன் தலையாய ஆராய்ச்சிகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளது. சிறு சிறு சேவைகளாகப் பிரிந்து கிடக்கும் கணினி நிரல்களை ஒழுங்குபடுத்தி, ஒரு காரியத்தைத் திட்டமிட்டுத் தானாகவே முடிக்கச் செய்யும் கலை அது. அக்கலையின் இயல்பைப் பழைய மாணவர்க்கும், ஆசிரியர்க்கும், இன்று பயிலும் இளைஞர்க்கும் விளங்கும் வண்ணம் எடுத்துரைப்பதே எமது நோக்கமாகும்.

எடுத்துக்காட்டுகளை அம்பாறை மாவட்டத்துக் கரையோரத்திலிருந்து எடுத்துக்கொள்கின்றோம். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனத் தொடர்ந்து கிடக்கும் ஊர்கள் அங்கே உள. கிழக்கே கடல், மேற்கே வயல், இடையே கடைத்தெருவும் கைத்தறியும். தமிழ் பேசும் முஸ்லிம் மக்களும் தமிழ் மக்களும் அடுத்தடுத்து வாழும் இக்கரைக்கும் நாம் கூறப்புகும் கலைக்குமுள்ள தொடர்பு உவமையளவில் நின்றுவிடுவதன்று. அது பின்னர்ப் புலனாகும்.

வயல் கற்பிக்கும் பாடம்

கல்லோயா என வழங்கும் பட்டிப்பளை ஆற்றை மறித்து, 1949 இல் தொடங்கிய பெருந்திட்டத்தின் வழியாக இங்கினியாகலையில் எழுந்ததே சேனாநாயக்க சமுத்திரம். அதன் நீர் வாய்க்கால் வழியே நெடுந்தூரம் வந்து கரையோர வயல்களிற் பலவற்றைச் சேர்கின்றது. போகம் தொடங்குமுன் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடி ஆரம்பக் கூட்டம் நடத்துவர். முதல் நீர் திறக்கும் நாள், விதைப்பு முடியவேண்டிய நாள், விதைக்கத்தக்க நெல்லினம், மாடுகளை அப்புறப்படுத்தும் நாள், நீரை நிறுத்தும் நாள் ஆகியவை அங்கே தீர்மானமாகும். தீர்மானித்ததை வயல்வெளியிலே நடைமுறைப்படுத்துவோர் வட்டவிதானைமார்.

வட்டவிதானையார் தம் கையால் எல்லா வயல்களையும் உழுவதில்லை. வாய்க்கால் துப்புரவாயிற்றா, மேல்வயலுக்கு நீர் பாய்ந்து முடிந்ததா, கீழ்வயலின் முறை வந்ததா என்று பார்ப்பதே அவர் பணி. துப்புரவாகாத வாய்க்காலில் நீர் விடலாகாது. நீர் வராமற் சேற்றுழவு இல்லை. உழவு முடியாமல் விதைப்பு இல்லை. ஆனால், ஒருவர் வரம்பு கட்டும்போதே மற்றொருவர் விதைநெல்லை ஊறவைக்கலாம். அவற்றுள் ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இவ்வாறு எது எதைச் சார்ந்தது, எவை ஒருங்கே நடைபெறத்தக்கவை என்று வரைந்து காட்டும் ஒழுங்கையே கணினி அறிஞர் பணியோட்டம் என்பர். அவ்வோட்டத்தை நடத்திச் செல்லுதல் ஒருங்கியக்கம். ஆங்கிலத்தில் இதனை ‘ஓர்க்கெஸ்ட்ரேஷன்’ என்று வழங்குவர். வாத்தியக் குழுவை நடத்துவோனை நினைந்து இட்ட பெயர் அது. காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் (1892–1947) அறிவியற் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் பணியில் முன்னின்றவராதலின், அவர் பிறந்த மண்ணைப் பற்றிய இக்கட்டுரையில் தமிழ்ச்சொல் ஆளுதலே தக்கது எனக் கொண்டோம்.

நுண்சேவை என்பது யாது?

முற்காலத்தில் ஒரு நிறுவனத்தின் கணினி வேலைகள் யாவும் ஒரே பெருநிரலாக எழுதப்பட்டன. ஒரு மூலையிற் பிழை நேர்ந்தால் முழு நிரலும் தளர்ந்துவிடும். ஒரு சிறு பகுதியை மாற்ற வேண்டினும் முழுவதையும் நிறுத்தித் திருத்தல் வேண்டும். அமெரிக்க நிறுவனமாகிய நெற்பிளிக்ஸ் 2008 இல் தன் தரவுத்தளம் பழுதுற்றமையால் மூன்று நாள்கள் வாடிக்கையாளர்க்குப் படத்தட்டுகளை அனுப்ப இயலாது நின்றது. அதன்பின் தன் பெருநிரலைச் சிறு சேவைகளாகப் பிரித்து, வாடகைக் கணினிகளுக்கு மாற்றத் தொடங்கி, 2016 ஜனவரியில் அம்மாற்றத்தை முடித்தது. ஒவ்வொரு சேவையும் ஒரே கடமையை உடையது; தனக்கெனத் தரவை வைத்திருப்பது; தனித்துத் திருத்தத்தக்கது. இவையே நுண்சேவைகள்.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவாம். இலண்டனில் வாழும் ஒருவர் மருதமுனைக் கைத்தறிச் சேலை ஒன்றைக் கணினி வழியே வாங்குகின்றார் எனக் கொள்க. கட்டளையை ஏற்பது ஒரு சேவை. கையிருப்பிலிருந்து சேலையை ஒதுக்கிவைப்பது இன்னொன்று. வங்கி அட்டையிலிருந்து பணம் பெறுவது வேறொன்று. பொதியை அனுப்புவதும், வாங்கியவருக்குச் செய்தி தெரிவிப்பதும் பிறிதிரண்டு. ஐந்தும் ஐந்து கணினிகளில் இருக்கலாம்; ஐந்து குழுவினர் அவற்றை எழுதியிருக்கலாம். பிரித்தமையால் ஒவ்வொன்றும் எளிதாயிற்று. ஆனால் பிரிப்பதற்குமுன் நிரலுக்குள்ளே அடங்கியிருந்த ஒழுங்கு இப்போது வெளியே வந்துவிட்டது. அதனைத் தாங்குவோர் யார் என்பதே புதிய சிக்கல்.

இருவகை ஒழுங்கு

இச்சிக்கலுக்கு இரு தீர்வுகள் உள. முதலாவது, வட்டவிதானையார் முறை. நடுவே ஒரு நிரல் இருந்து, ‘சேலையை ஒதுக்குக’ என்று ஒரு சேவைக்கு ஏவும். விடை வந்தபின், ‘பணம் பெறுக’ என்று அடுத்ததற்கு ஏவும். காரியம் எவ்விடத்தில் நிற்கின்றது என்று எவரேனும் வினவினால் அந்நிரல் உடனே விடை கூறும். நெற்பிளிக்ஸ் 2016 இல் வெளியிட்ட ‘கொண்டக்டர்’ இவ்வகையினது.

இரண்டாவது, கரைவலை முறை. கரையிலே இரு பக்கமும் கயிறு பற்றி இழுப்போர் ஒருவரை ஒருவர் நோக்கி, அடுத்தவர் அசைவுக்குத் தாமும் அசைந்து, வலையைக் கரைசேர்க்கின்றனர். அதுபோல, ஒரு சேவை தன் வேலையை முடித்ததும், ‘பணம் பெறப்பட்டது’ என்று பொதுவாக அறிவிக்கும். அதனைக் கேட்ட சேவை தன் வேலையைத் தொடங்கும். நடுவில் ஏவுவோர் இல்லை. இதனை ஒத்தியக்கம் எனலாம். நடுநிரல் ஒன்று பழுதுற்று யாவும் நின்றுபோகும் அச்சம் இதில் இல்லை. ஆயின், சேவைகள் பெருகப் பெருக முழுக் காரியத்தின் உருவத்தை எவரும் ஓரிடத்திற் காணமுடியாது போகும். படிகள் குறைவாயின் ஒத்தியக்கமும், படிகள் மிக்கும் பணமும் பொறுப்பும் கலந்தும் இருப்பின் ஒருங்கியக்கமும் பொருந்தும் என்பது பொதுவிதி.

எச்சேவை எக்கணினியில் ஓடுதல் வேண்டும் என்று ஒழுங்குசெய்யும் ஏற்பாடு வேறு. கூகிள் நிறுவனம் 2014 இல் வெளியிட்ட ‘குபெர்னெற்றீஸ்’ அத்தகையது. மீகாமன் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல் அது. எந்த உழவுயந்திரத்தை எந்த வட்டையில் நிறுத்துவது என்பதும், எவ்வேலை முன் எவ்வேலை பின் என்பதும் வெவ்வேறு கேள்விகள் ஆதலால் இவ்விரண்டையும் மாணவர் மயங்காதிருத்தல் நன்று.

ஏடும் எண்ணும்

ஒருங்கியக்கும் நிரல் தானும் ஒரு கணினியிலேதான் ஓடுகின்றது. சேலையின் பணம் பெற்ற மறுகணம் மின்சாரம் நின்று அக்கணினி அணைந்துவிட்டால் என்னாகும்? மீண்டும் எழுந்த நிரல் தொடக்கத்திலிருந்து ஓடின் பணம் இருமுறை பெறப்படும். ஓடாது நின்றுவிடின் சேலை போய்ச்சேராது. இதற்குப் பரிகாரம் நம் கடைக்காரர் நெடுங்காலமாக அறிந்ததே. ஒவ்வொரு படியையும் ஏட்டில் எழுதிக்கொள்ளல் வேண்டும். ஊபர் நிறுவனத்தார் 2017 இல் வெளியிட்ட ‘கடென்ஸ்’, அதன் வழித்தோன்றிய ‘ரெம்பொரல்’ ஆகியவை இந்நெறியைப் பின்பற்றுவன. முடிந்த படிகள் யாவும் அழியாத ஏட்டிற் பதியப்படும். நிரல் விழுந்தெழுந்தால் ஏட்டை முதலிலிருந்து படித்து, விட்ட இடத்தை அறிந்து, அங்கிருந்து தொடரும்.

ஏட்டோடு எண்ணும் வேண்டும். ‘பணம் பெறுக’ என்னும் ஏவல் சென்றது, விடை வரவில்லை. ஏவல் வழியிலே தொலைந்ததா, வேலை முடிந்து விடை தொலைந்ததா என்பதை ஏவியவர் அறியார். மீண்டும் ஏவுதலன்றி வேறு வழியில்லை. ஆகவே ஒவ்வொரு கட்டளைக்கும் தனி எண் இடுவர். அதே எண்ணுடன் ஏவல் இருமுறை வரினும் மும்முறை வரினும், பணம் பெறும் சேவை ஒருமுறையே பெற்று, பின்னர் வந்தவற்றுக்குப் பழைய விடையையே திருப்பிக் கூறும். இவ்வெளிய ஏற்பாடு இல்லாத ஒழுங்கு எத்துணை நுட்பமாயினும் நம்பத்தக்கதன்று.

மீளும் வழி

பணம் பெற்றபின், ஒதுக்கிய சேலை கறைபட்டது எனத் தெரியவருகின்றது. வேறு சேலையும் இல்லை. இப்போது முன்னே செல்ல வழியில்லை. பின்னே வருதல் வேண்டும். ஒரே பெருநிரலாக இருந்த காலத்தில் முழுவதையும் ஒருங்கே அழித்துப் பழைய நிலைக்குத் திரும்புதல் எளிது. தனித்தனிச் சேவைகளிடம் அவ்வாறு செய்யமுடியாது. ஹெக்டர் கார்சியா மொலினா, கென்னத் சேலம் என்னும் இருவர் 1987 இல் இதற்கொரு வழி வகுத்தனர். ‘சாகா’ எனப் பெயரிட்டனர். நெடிய காரியத்தைச் சிறு படிகளாக்கி, ஒவ்வொரு படிக்கும் அதன் ஈடுசெய் படியையும் முன்னரே எழுதிவைத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. ஒதுக்கியதற்கு ஈடு, ஒதுக்கலை நீக்குதல். பணம் பெற்றதற்கு ஈடு, பணத்தைத் திருப்பிக் கொடுத்தல். ஐந்தாம் படி பிழைத்தால் நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று எனத் தலைகீழாக ஈடுசெய்து வருதல் வேண்டும்.

எல்லாப் படிகளுக்கும் ஈடு உண்டா? இல்லை. கப்பலேறிவிட்ட பொதியைத் திருப்பி அழைத்தல் அரிது. அனுப்பிய செய்தியை வாசித்தவர் மனத்திலிருந்து அழித்தல் இயலாது. எனவே மீளமுடியாத படியை இயன்றவரை இறுதியில் வைத்து, மீளத்தக்க படிகள் யாவும் நிறைவுற்றபின்னரே அதனை எடுத்தல் வேண்டும். ஒருங்கியக்கக் கலையின் உயிர்நிலை இவ்விதியில் அடங்கியுள்ளது என்பது எமது துணிபு.

திட்டத்தை வகுப்பவர் யார்?

இதுவரை கூறியவற்றில் திட்டத்தை மனிதரே எழுதினர். அவ்வாறு எழுதுவதற்கென ஒரு பொதுமொழி 2002 இல் தோன்றியது. ஐ.பி.எம்., மைக்ரோசொவ்ற், பி.ஈ.ஏ. என்னும் நிறுவனங்கள் கூடி ஆக்கிய அம்மொழியின் பெயர் ‘பீப்பெல்’. அதனை எழுதிய குழுவில் இலங்கையராகிய சஞ்சீவ வீரவரண ஒருவர் என்பது நாம் மகிழத்தக்க செய்தி. அவரும் நண்பரும் 2005 இல் நிறுவிய டபிள்யூ.எஸ்.ஓ.2 என்னும் நிறுவனம் சேவைகளை இணைக்கும் மென்பொருள்களை ஆக்கி உலகெங்கும் அறியப்பட்டது. சேவை இணைப்புக்கென்றே அது உருவாக்கிய ‘பலரினா’ என்னும் நிரல்மொழியின் முதற் பதிப்பு 2019 இல் வெளிவந்தது.

திட்டத்தையே கணினி வகுத்தல் இயலுமா என்ற கேள்வி இதனினும் பழையது. 1971 இல் ரிச்சர்ட் பைக்ஸ், நில்ஸ் நில்சன் என்போர் ‘ஷேக்கி’ என்னும் யந்திரமனிதனுக்காக ‘ஸ்ரிப்ஸ்’ என்னும் முறையை வகுத்தனர். ஒவ்வொரு செயலுக்கும், அது தொடங்குமுன் இருக்கவேண்டிய நிலை எது, முடிந்தபின் உண்டாகும் நிலை எது என்று எழுதிக்கொடுத்தல் வேண்டும். ‘சேலை ஒப்படைக்கப்பட்டது’ என்னும் குறிக்கோளைக் கொடுத்தால், அதற்குப் பொதி அனுப்பப்பட்டிருத்தல் வேண்டும், அதற்குப் பணம் பெறப்பட்டிருத்தல் வேண்டும் எனக் கணினி படிகளைத் தானே தேடிக் கோக்கும். இதிலுள்ள இடர்ப்பாடு தேடலின் பெருக்கமாகும். பத்துச் செயல்களை அடுக்கும் வகைகள் மாத்திரம் 36,28,800. ஆதலின் வீண்வழிகளை முன்னரே விலக்கும் உபாயங்களை அறிஞர் ஆராய்ந்தனர். திட்டச் சிக்கல்களை எழுதுதற்கு 1998 இல் ஒரு பொதுமொழி வகுக்கப்பட்டது. பெருவேலையைச் சிறுவேலைகளாகப் படிப்படியாகப் பிரித்துச் செல்லும் முறையை 2003 அளவில் வலைச்சேவைகளைக் கோப்பதற்கும் பயன்படுத்திக் காட்டினர்.

இன்று பெருமொழி மாதிரிகள் எனப்படும் செயற்கை அறிவு நிரல்கள், நாம் பேச்சுமொழியிற் கூறிய விருப்பத்தைக் கேட்டுத் திட்டம் எழுதித் தருகின்றன. வாசிப்பதற்கு அழகாயமைந்த திட்டம் நடப்பதற்கு உரியதாயும் இருக்கும் என்பது நிச்சயமன்று. ஒவ்வொரு படியின் முன்னிலையும் நிறைவேறியுள்ளதா, அப்படியைச் செய்ய அந்நிரலுக்கு அதிகாரம் உண்டா என்று வேறொரு நிரல் சரிபார்த்தல் வேண்டும். மீளமுடியாத படி வருமிடத்தோ மனிதன் ஒருவனுடைய ஒப்புதல் வேண்டும்.

கடல் கற்பித்த பாடம்

ஒழுங்கின்மையால் விளைவது சேலை பிந்துதல் மாத்திரமன்று. 2004 டிசம்பர் 26 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆழிப்பேரலை இக்கரையில் ஏறியது. இலங்கை முழுவதும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருள் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தினர். நாட்டின் மாவட்டங்களுள் உயிரிழப்பில் முதலிடம் இதற்கே நேர்ந்தது. பள்ளிவாசல்களும் கோயில்களும் பாடசாலைகளும் அகதிமுகாம்களாயின. அயலூராரும் வெளிநாட்டாரும் உணவும் உடையும் மருந்தும் கொண்டுவந்தனர். ஈகைக்குக் குறைவிருக்கவில்லை. யார் எங்கே உளர், எம்முகாமில் யாது குறைவு, எந்நிறுவனம் எதனை எங்கே கொடுத்துவிட்டது என்பவற்றை ஒருங்கே காட்டும் ஏடுதான் இருக்கவில்லை.

அவ்வேட்டை ஆக்க இலங்கையின் கணினித்துறைத் தொண்டர்கள் முன்வந்தனர். லங்கா சொவ்ற்வெயார் பவுண்டேஷன் என்னும் அமைப்பின் வழியாக, அலையடித்த சின்னாள்களிலேயே அவர்கள் எழுதத் தொடங்கிய மென்பொருளின் பெயர் ‘சஹன’. நிவாரணம் எனப் பொருள்படும் சிங்களச் சொல் அது. மேலே யாம் குறித்த பொதுமொழிக் குழுவினரான சஞ்சீவ வீரவரணவே இம்முயற்சியைத் தொடக்கியோருள்ளும் ஒருவர். காணாமற்போனோர் பதிவேடு, நிறுவனங்களின் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, உதவிக் கோரிக்கைகளின் பதிவேடு ஆகியவை அதில் அமைந்தன. அது தானே திட்டமிடும் யந்திரமன்று. திட்டமிடுவோர்க்கு இன்றியமையாத ஏடு. பின்னர் 2005 இல் பாகிஸ்தானிலும், 2006 இல் பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் பேரிடர் நேர்ந்தபோது அதே மென்பொருள் அங்கும் பயன்பட்டது. 2006 ஆம் ஆண்டுக்குரிய சமூகநன்மை விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது.

மீளமுடியாத படி எது என்பதையும் அந்நாள்கள் காட்டின. இறந்தோரை விரைந்து அடக்கம் செய்யவேண்டிய நிலை ஏற்பட்டது. மார்க்க முறையும் விரைவை வேண்டியது. உடலங்களால் நோய் பரவும் என்ற அச்சமும் மிக்கிருந்தது. அடையாளம் காணாது அடக்கம் செய்தபின், தேடி வந்த தாய்க்கு விடை கூறுதல் எவர்க்கும் எளிதன்று. உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவைச் சங்கச் சர்வதேசக் குழுவும் பிறரும் 2006 இல் வெளியிட்ட வழிகாட்டி நூல், பேரிடரில் மாண்டோரின் உடலங்கள் பெருநோயை விளைக்கும் என்ற அச்சம் பெரும்பாலும் ஆதாரமற்றது என விளக்கியது. ஒவ்வோர் உடலத்துக்கும் தனி எண் இடுதல், அவ்வெண்ணுடன் படம் எடுத்தல், அடையாளங்களையும் அடக்கிய இடத்தையும் குறித்தல் ஆகியவற்றையும் அது வற்புறுத்தியது. எண்ணும் ஏடும் என்று யாம் சேலைக் கட்டளைக்குக் கூறியவை இங்கே எவ்வளவு பொருளுடையனவாகின்றன என்பதைச் சிந்திப்பாராக.

முடிவுரை

கணினி பயிலும் மாணவர் இக்கலையை அணுகும்போது, புதிய கருவிகளின் பெயர்களைக் கற்பதோடு அமையாது நான்கு பழக்கங்களைக் கைக்கொள்ளல் வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் முன்னிலை, பின்னிலை இரண்டையும் எழுதுக. ஒவ்வொரு கட்டளைக்கும் தனி எண் இடுக. முடிந்த படிகளை உடனுக்குடன் ஏட்டிற் பதிக. ஒவ்வொரு படிக்கும் மீளும் வழியை வகுத்து, மீளவழியில்லாத படியை இறுதியில் வைத்து, அங்கே ஒரு மனிதனை நிறுத்துக.

திட்டமிடும் வேலையைக் கணினி நாளுக்குநாள் மிகுதியாக ஏற்றுக்கொள்ளும். ஆயினும் எப்படி மீளமுடியாதது என்று தீர்மானிக்கும் பொறுப்பு அத்திட்டத்தால் நன்மையோ தீமையோ அடையும் மக்களுக்கே உரியது. வட்டவிதானையாரைக் கமக்காரர் தாமே தெரிவதும், தண்ணீர்த் தேதியை எல்லோரும் கூடி வகுப்பதும் இக்காரணம் பற்றியே. கணினித் திட்டங்களுக்கும் அத்தகைய கூட்டம் ஒன்று வேண்டும். அக்கூட்டத்தில் அறிவோடு எழுந்து பேசவல்லவர்களை ஆக்கித்தருதல் நம் கல்லூரி போன்ற கலைக்கழகங்களின் கடனாகும்.